மச்சான் முகம் இலவசம்

பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும், சார். நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நீங்கள் நீட்டிய இந்தப் படிவத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. 'அங்க அடையாளங்கள்' என்பதற்கோ அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒருவன் ஒரு காரியத்தை ஏன் செய்தான் என்பதைவிட அவன் முதுகில் மச்சம் இருக்கிறதா என்பது உங்களுக்கு முக்கியம் போலிருக்கிறது. குறை சொல்லவில்லை. படிவம், பலகை, லேபிள் வடிவமைப்பதுதான் என் தொழில். கண்ணில் பட்டால் வாய் சும்மா இருப்பதில்லை.

எங்கள் குடும்பம் ஜவுளிக் கடைக் குடும்பம். பேரம் பேசிப் பேசியே வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் குழந்தை 'பத்து நிமிஷம் விளையாடிட்டு வரேன்' என்று கேட்டால் 'அஞ்சு' என்பார்கள், ஏழரையில் முடியும். அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது.

என் சித்தப்பா அடிக்கடி சொல்வார். "இல்லன்னு சொன்னா அவன் அடுத்த கடைக்குப் போயிடுவான். செவப்பு கேட்டானா, மெரூனை விரி. மெரூன் இல்லையா, ஆரஞ்சை விரிச்சு, 'வெளிச்சத்துல பாத்தா செவப்பா தெரியும்'னு சொல்லு." குடை கேட்டு வழி தவறி உள்ளே வந்த ஒருவருக்கு அவர் எட்டு மீட்டர் தார்ப்பாய் விற்றிருக்கிறார். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கல்லாவுக்கு மேலே ஒரு பலகையும் உண்டு: 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது.' இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் இணையதளம் ஆரம்பித்தேன். இலவசப் படங்கள். யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், நோட்டீசில் போடலாம், பலகையில் ஒட்டலாம். பெயர் 'எடுத்துக்கோ'. பூனை காணாமல் போன ஒரு ஆள், பாவம், ஒரு பூனைப் படத்துக்காக இணையத்தில் என்ன பாடு படுகிறான் என்று நினைத்துப் பாருங்கள். கணக்கு ஆரம்பி என்கிறார்கள். கடவுச்சொல்லில் ஒரு எண்ணும் ஒரு ஆச்சரியக்குறியும் வேண்டும் என்கிறார்கள். நீ மனிதன்தானா, இதில் எத்தனை கட்டத்தில் சைக்கிள் தெரிகிறது என்கிறார்கள். எல்லாம் முடிந்து பூனை வரும்போது அதன் மூக்குக்குக் குறுக்கே நிறுவனத்தின் பெயர் ஓடும். அதற்குள் நிஜப் பூனை வீட்டுக்கே வந்துவிட்டிருக்கும்.

நான் அதையெல்லாம் தூக்கி எறிந்தேன். ஒரு தேடல் பெட்டி, ஒரு படம், ஒரு பொத்தான். என் மாமியாரை உட்காரவைத்துச் சோதனை செய்தேன். அவருக்குக் கணினியின் மவுஸைப் பிடிக்கவே வராது.

"எங்க மாப்ளே அமுக்கணும்?"

"எங்க வேணா அமுக்குங்க அத்தை."

வாய்வார்த்தையாகச் சொன்னேன். அப்புறம் யோசித்தேன், ஏன் கூடாது என்று. அன்று மாலையே பக்கம் முழுவதையும் பொத்தானாக்கிவிட்டேன். அத்தை எங்கே அமுக்கினாலும் படம் இறங்கியது. தூங்கி விழுந்து முழங்கை பட்டும் ஒரு ரயில் இன்ஜின் இறங்கியது. எளிமை என்றால் அதுதான்.

தளத்தில் அறுநூறு படம் இருந்தது. எல்லாம் நானே வரைந்தது. குடை, பேருந்து, கத்தரிக்கோல், தூங்கும் நாய். ஆனால் மக்கள் தேடுகிற பட்டியலை எடுத்துப் பார்த்தேன், சார். யாரும் தூங்கும் நாயைத் தேடவில்லை. மூலம் என்று தேடுகிறார்கள். சொறி என்று தேடுகிறார்கள். 'வாடகை தராத ஆள்' என்று ஒருவர் மூன்று நாள் விடாமல் தேடியிருக்கிறார். அவர்களுக்கெல்லாம் 'நீங்கள் தேடியது இல்லை' என்று ஒரு வரி போய்க்கொண்டிருந்தது. என் தளத்தில் 'இல்லை'. சித்தப்பா பார்த்திருந்தால் என்னைக் கடை வாசலில் நிற்கவைத்திருப்பார்.

ஆகவே, எது இல்லையோ அதற்கெல்லாம் ஒரு குடையை விரித்துவைத்தேன். ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் ஒரு கடிதம் வந்தது: 'ஐயா, எங்கள் பெரியப்பா இறந்த செய்திக்குப் படம் தேடினேன். குடை வந்தது. அவர் மழையில் நனைந்து சாகவில்லை.' நியாயமான கோபம். எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் பொருந்துகிற பொருள் எது என்று யோசித்தேன். மனித முகம்தான். சாவுக்கும் பொருந்தும், சொறிக்கும் பொருந்தும், வாடகைக்கும் பொருந்தும்.

இந்த இடத்தில்தான் என் மச்சான் வருகிறார். என் மனைவியின் அண்ணன். பல் டாக்டர். கடைத்தெரு முனையில் மாடியில் கிளினிக். அவர் முகம் ஒரு வரம், சார். அகலமான முகம், அளவான கண், எந்த உணர்ச்சி வந்தாலும் தெருக்கோடியிலிருந்து தெரியும். பெரிய பொத்தான் மாதிரி. கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

"தாராளமா வரைஞ்சுக்கோ மாப்ளே. என் முகம் என்ன தேஞ்சா போயிடும்?"

இதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் சம்மதத்தோடுதான் எல்லாம் நடந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம், நோயாளி இல்லாத நேரம், தன் நோயாளி நாற்காலியில் தானே சாய்ந்து படுத்துக்கொண்டார். தலைக்கு மேலே அந்தப் பெரிய விளக்கையும் போட்டுக்கொண்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"இப்ப வலி, மச்சான்."

"எந்த வலி? பல் வலியா, வயித்து வலியா, ஊர்லேர்ந்து விருந்தாளி வந்த வலியா?"

"மூணும் குடுங்க."

கொடுத்தார். வெட்கம், பயம், ஏமாற்றம், வாயு, திருட்டு முழி, எல்லாம் கொடுத்தார். மொத்தம் நாற்பத்தொரு முகம். இடையிடையே எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "முன் மண்டையில கொஞ்சம் முடி சேத்துக்கோ மாப்ளே, டாக்டர்னா ஒரு மரியாதை வேணும்ல" என்றார். சேர்த்தேன். என் பக்கத்தில் தாராளம்தான். சேர்த்ததும் உண்டு, எடுத்ததும் உண்டு. எடுத்ததைப் பிறகு சொல்கிறேன்.

தளத்தில் ஏற்றிய முதல் வாரமே ஒரு சொறிக் களிம்பு டப்பாவில் வந்துவிட்டார். மச்சானுக்கு ஒரே பெருமை. டப்பாவை வாங்கி, வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். "நம்ம மாப்ள வரைஞ்சது. எப்படி, உயிரோட இருக்குல்ல?" அப்புறம் குறட்டைத் தலையணை. அப்புறம் மலச்சிக்கல் மருந்து. அதில் 'முன்பு', 'பின்பு' இரண்டிலும் அவரே. முன்பு இருந்ததைவிடப் பின்பு கொஞ்சம் கவலையாக இருப்பார், அது என் வரைதலின் குறை. ஒரு பெரிய கடையில் ஆண்கள் கழிப்பறைக் கதவில் வந்தார். அவசரத்தில் ஓடுகிற முகம். ஓர் அச்சகத்தில் இரங்கல் அட்டைக்கு மாதிரியாக அவர் முகத்தை வைத்திருந்தார்கள். யாரோ மாற்ற மறந்து அப்படியே அடித்துவிட்டார்கள். அன்று என் மனைவிக்கு மூன்று பேர் போன் செய்து துக்கம் விசாரித்தார்கள். இரண்டாவது ஆள் போன் செய்தபோது மச்சான் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் சிரிப்புத்தான், சார். நீங்களும் சிரிக்கலாம். கிளினிக்கில் கூட்டம் குறைய ஆரம்பித்தது அதற்குப் பிறகு. ஒரு குழந்தை அவரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே வீறிட்டது. அதன் பள்ளிக்கூடச் சுவரில் 'பல் தேய்க்காவிட்டால் இப்படி ஆவாய்' என்று அவர் படம்தான். எதிர் வரிசையில் ஒரு புதுப் பல் டாக்டர் வந்தார். அவர் பலகையில் 'வலிக்கிறதா?' என்று என் மச்சான் முகம், மச்சான் ஜன்னலைப் பார்த்தபடி.

ஒரு நாள் காலையில் வந்து என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"மாப்ளே, நேத்து ஒரு அம்மா மாடி ஏறி வந்தாங்க. ஆறு நாளைக்கப்புறம் வந்த முதல் ஆளு. என் முகத்தப் பாத்துட்டு, 'டாக்டர், உங்களுக்கே மூலம் சரியாகலயா'ன்னு கேட்டுட்டு எறங்கிப் போயிட்டாங்க."

"அக்கறையாத்தானே மச்சான் கேட்டிருக்காங்க."

"வெளையாடாத. படத்தையெல்லாம் எடுத்துடு. பொழப்பு போவுது."

அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதை நான் கவனித்தேன். அந்த உடைந்த குரலுக்கு எந்த முகம் வந்தது என்பதையும் கவனித்தேன். அது நாற்பத்தொன்றில் இல்லாதது. பொறுமையாக விளக்கினேன். "மச்சான், குடுத்தத திரும்பக் கேக்கறது எங்க குடும்பத்துல கிடையாது. வேணும்னா தளத்துல முறைப்படி ஒரு விண்ணப்பம் போடுங்க."

அந்த விண்ணப்பத்தை அன்று மத்தியானம்தான் உருவாக்கினேன். பதினான்கு பக்கம். என் தளத்திலேயே எளிமையில்லாத பக்கம் அது ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில் தவறு செய்தால் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும். பொத்தான் மிளகு அளவு. மச்சான் விடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பினார். பதினோராம் பக்கத்தில், படத்தில் இருப்பவர் தாம்தான் என்று நிரூபிக்க நேராக, பக்கவாட்டில், கீழிருந்து, மேலிருந்து என்று புகைப்படங்கள் கேட்டிருந்தேன். எல்லாம் தெளிவாக அனுப்பியிருந்தார். நல்ல வெளிச்சம். அதிலிருந்து பதினேழு புதுப் படம் வரைய முடிந்தது. நாற்பத்தொன்று ஐம்பத்தெட்டு ஆனது இப்படித்தான். அந்த உடைந்த முகமும் அதில் கிடைத்தது. 'வேலை போனவர்' என்று தேடினால் வரும். நன்றாக ஓடுகிறது.

வீட்டில் என் மனைவி கேட்டாள். "ஏங்க, அண்ணன் முகம் மட்டும் எதுக்குங்க எல்லாக் கண்றாவிக்கும் வருது? குழந்தை, பூ, பரிசுன்னு தேடுனா வர மாட்டேங்குதே?"

"கணினி தேர்ந்தெடுக்குதும்மா. என் கையில என்ன இருக்கு."

அது முழுப் பொய் இல்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பேரத்தில் வளர்ந்தவன், எதையும் முழுசாக ஒத்துக்கொள்ள வராது. அரைப் பொய் என்று ஆரம்பித்தேன், முக்காலுக்கு வந்தேன். சரி, உங்களிடம் எதற்கு இழுத்தடிப்பது, முழுப் பொய்தான். கணினிக்கு ஒரு படத்தைப் பார்த்து இது சொறி, இது வாயு என்று தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் அடியில் தேடல் சொற்களை ஓர் ஆள் உட்கார்ந்து எழுத வேண்டும். மச்சான் சிரிக்கிற அந்த அருமையான படத்துக்கு முதலில் 'டாக்டர், நம்பிக்கை, அன்பு' என்று எழுதினேன். அப்புறம் அதை அழித்துவிட்டு 'குடலிறக்கம்' என்று எழுதினேன். ஏன் என்று கேட்டால், நம்பிக்கைக்கு ஏற்கெனவே ஒரு நங்கூரம் வரைந்திருந்தேன். ஒரே சொல்லுக்கு இரண்டு படம் இருந்தால் வாடிக்கையாளர் குழம்புவார்.

இனி உங்கள் அலுவலகம் சம்பந்தப்பட்ட பகுதி. சங்கடப்பட வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு முன்னால் உங்கள் போலீஸ் துறையில் யாரோ ஒருவர் 'ஜேப்படித் திருடன்' என்று தேடியிருக்கிறார். அந்தச் சொல்லை எதற்கும் நான் எழுதியிருக்கவில்லை. அவருக்கு, இல்லாததற்கெல்லாம் விரித்துவைத்திருந்த மச்சானின் பொது முகம் போயிருக்கிறது. அவர் திருப்தியடையாமல் கோரிக்கைப் பெட்டியில் எழுதினார்: 'கை இன்னொருவர் பையில் இருப்பதுபோல் வேண்டும். பார்த்தால் நல்லவர்போல் இருக்க வேண்டும், ஆனால் நம்பத் தோன்றக்கூடாது.' அழகான கோரிக்கை. என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்கிறவர் குறைவு. நாற்பது நிமிஷத்தில் வரைந்து அனுப்பினேன். உங்கள் தலைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறதே, 'இவர்களிடம் எச்சரிக்கை', அதுதான். எல்லாப் பேருந்திலும் ஒட்டியிருக்கிறீர்கள். அச்சு நன்றாக வந்திருக்கிறது.

இன்று காலை நடந்ததற்கு வருகிறேன்.

மச்சான் கிளினிக்கை மூடிவிடுவதென்று முடிவு செய்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலி. பதினோரு மணிக்கு நேர்முகம். அது கிடைத்தால் பிழைத்தார், இல்லையென்றால் அந்த நாற்காலியையும் விளக்கையும் விற்க வேண்டும். என் மனைவிதான் என்னை அனுப்பினாள். "கூடப் போய்ட்டு வாங்க. அண்ணன் மனசே சரியில்லாம இருக்காரு. நீங்க பக்கத்துல இருந்தா ஒரு தெம்பு."

சான்றிதழ்க் கோப்பை நான் தூக்கிக்கொண்டேன். அவர் டாக்சி என்றார். நான் பேருந்து என்றேன். பேருந்து நேரே ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும், அது உண்மை. ஏறியதும் எங்கே உட்காருவது என்று அவர் தயங்கினார். இடது பக்கம் மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரம் நல்ல காற்று வரும் என்று நான் காட்டினேன். உட்கார்ந்தார். அவர் தலைக்கு நேர் மேலே, ஒரு முழ உயரத்தில், அந்த நோட்டீஸ்.

வடிவமைப்பில் ஒரு விதி இருக்கிறது, சார். ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவருக்குச் சிரமம் இருக்காது.

இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் காய்கறிப் பையோடு நின்ற ஓர் அம்மா கவனித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார்.

"அந்தாளப் பாருங்க. இப்ப மேல பாருங்க. மறுபடி கீழ பாருங்க."

"அட, ஆமாம்."

"கொஞ்சம் முடிதான் கொட்டியிருக்கு."

பேருந்தில் ஒவ்வொருவராகத் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ஒருவர் பர்சைக் காணோம் என்றார். அது அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறது, அப்புறம் தெரிந்தது. நடத்துநர் வந்தார். மச்சான் எழுந்து நின்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"ஐயா, நான் டாக்டருங்க."

"எல்லாத் திருடனும் ஒண்ணு டாக்டர்ங்கறான், இல்ல இன்ஜினியர்ங்கறான்" என்றார் அந்த அம்மா.

"நெஜமாங்க. நான் பல் எடுக்கறவன்மா, பர்ஸ் எடுக்கறவன் இல்ல."

"ஓகோ, பல்லையும் விட மாட்டியா நீ?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்போது ஒரு நம்பிக்கை தெரிந்தது. நங்கூரத்தைவிட நன்றாகவே இருந்தது. "மாப்ளே, நீ சொல்லு. இவங்ககிட்ட சொல்லு."

நடத்துநர் என்னைக் கேட்டார். "சார், உங்களுக்கு இவரைத் தெரியுமா? படத்துல இருக்கறது இவர்தானா?"

கேள்வியைக் கவனியுங்கள். இவர் திருடரா என்று அவர் கேட்கவில்லை. படத்தில் இருப்பது இவர்தானா என்று கேட்டார். வரைந்தவன் நான். எனக்கு நன்றாகத் தெரியும். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாங்க, இவரேதான்" என்றேன்.

பேருந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவில்லை. நேரே இங்கே வந்து நின்றது. மச்சானை யாரும் அடிக்கவில்லை. அந்த அம்மா மட்டும் முள்ளங்கியால் ஒரு தட்டுத் தட்டினார். நான் கோப்பு நசுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் திறமையான அதிகாரி, அதைச் சொல்ல வேண்டும். அவரை நோட்டீசுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாயைத் திறக்கச் சொன்னீர்கள். அவர் திறந்தார். இருபத்தைந்து வருஷமாக மற்றவர்களைத் திறக்கச் சொன்னவர், அழகாகத் திறந்தார். நீங்கள் எண்ணினீர்கள். முப்பத்திரண்டு, ஒன்றுகூடக் குறையவில்லை, பல் டாக்டருக்குப் பொருத்தமான பல்வரிசை. நோட்டீசில் இருப்பவனுக்கு இடப்பக்கம் மேல்வரிசையில், கோரைப் பல்லுக்கு அடுத்த பல் இல்லை. கருப்பாக ஒரு சந்து. "இவர் இல்லப்பா" என்று சொல்லிவிட்டீர்கள். கூட்டம் கலைந்தது. பதினொன்றேகால் ஆகியிருந்தது.

அதற்கப்புறம்தான் சாட்சி என்று என்னிடம் இந்தப் படிவத்தைக் கொடுத்தீர்கள். அரைப் பக்கத்தை வீணாக்க வேண்டாமே என்று, என் அங்க அடையாளத்தில், 'இடப்பக்கம் மேல்வரிசையில் ஒரு பல் இல்லை' என்று எழுதினேன். நீங்கள் படித்தீர்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். திரும்பிச் சுவரைப் பார்த்தீர்கள். 'கொஞ்சம் சிரிங்க' என்றீர்கள். சிரித்தேன். பிறகுதான் கதவைச் சாத்தினீர்கள்.

பல்லைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். ஒரு பல் வலி என்று மச்சானிடம் போயிருந்தேன். அவர் புது வீட்டுக்கு எந்த வண்ணம் அடிக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டே வேலை பார்த்தார். வாயில் அவர் கை இருந்ததால் என்னால் வண்ணமும் சொல்ல முடியவில்லை, பல்லும் சொல்ல முடியவில்லை. வலித்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். நல்ல பல். பாறை மாதிரி இருந்த பல். எஃகுத் தட்டில் அது விழுந்தபோது 'டங்' என்று ஒரு சத்தம். அவர் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் என் தோளில் தட்டினார்.

"விடு மாப்ளே. இதுக்கு உங்கிட்ட காசு வாங்கப்போறதில்ல. இலவசம்."

அவ்வளவுதான். பிறகு வலித்த பல்லையும் சரிசெய்துகொடுத்தார். யாருக்கும் தவறு நேரும். நான் பெரிதுபடுத்தவில்லை. மாமனார் வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிடும்போது, "நம்ம மாப்ளைக்கு ஒரு பல்லு இலவசமா புடுங்குனேன், கேட்டீங்களா?" என்று அவர் ஆரம்பிப்பார். தட்டு மேல் 'டங்' என்று கரண்டியால் தட்டியும் காட்டுவார். நன்றாகச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தைக்குப் புரையேறும். நானும் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம், யாராவது இலவசமாக ஒன்று கொடுத்தால் கைமாறு செய்யாமல் இருக்க மாட்டோம். அது மரியாதை.

சுவரில் இருப்பது போக, ஐம்பத்தெட்டுப் படத்தையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பிவைத்திருக்கிறீர்கள். ஐம்பத்தெட்டிலும் அதே இடத்தில் அந்தச் சந்து இருக்கிறது, வாய் மூடிய படத்தில்கூடக் கன்னம் அங்கே லேசாக உள்வாங்கியிருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் சொல்லித்தான் நானே பார்க்கிறேன். கை அப்படியே பழகிவிட்டிருக்கும். மச்சானும் இத்தனை நாள் கவனிக்கவில்லை பாருங்கள். பல் டாக்டர்தான், ஆனால் தன் படத்தைப் பார்க்கும்போது அவர் பார்த்தது முடியைத்தான்.

அவர் பக்கத்து அறையில்தானே இருக்கிறார்? சத்தம் கேட்கிறது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நேர்முகத்தை நாளைக்கு மாற்றிக்கொடுத்தீர்களாம், ரொம்பப் பெரிய மனசு. அந்தச் சந்தோஷத்தில் உங்கள் ஆட்களுக்கெல்லாம் வரிசையாக உட்காரவைத்துப் பல் பார்க்கிறார். இலவசமாக. எதற்கும் எந்தப் பல் வலிக்கிறது என்று அவர்களை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளைக்கும் நானே அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

சரி, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். முகத்தை வரைந்தது நான், சொற்களை எழுதியது நான், பதினான்கு பக்கம் போட்டது நான், ஜன்னல் ஓரம் உட்காரவைத்தது நான், 'இவரேதான்' என்றதும் நான். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டைவிரல் கட்டத்தில் 'சேவை' என்று எழுதியிருக்கிறேன், இரண்டே எழுத்து, அளவாக அடங்கிவிட்டது. அதை அடித்துவிட்டுப் 'பகை' என்று எழுதச் சொல்கிறீர்கள். அதுவும் இரண்டு எழுத்துதான், அடங்கும், ஆனால் உண்மையாக இருக்காது. அந்தப் பல்லைப் பிடுங்கி இன்றோடு ஆறு வருஷம், நாலு மாதம், பதினோரு நாள் ஆகிறது, சார். அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்?